வெந்நீரும் நீத்தார் கடனும்: கன்னியா குறித்து

நகரிப் பகுதியில் தமிழர் ‘வெந்நீர்’ என்பதைத் தெலுங்கர் ‘வேன்னீள்ளு’ என்பர். இரு மொழிகளிலும் நீரே அடிச்சொல். வெம்மை அதற்கு அடைமொழி. ஜப்பானியத்திலோ குளிர்ந்த நீர் ‘மிசு’, சூடான நீர் ‘யு’. இரண்டும் தொடர்பற்ற சொற்கள். எரிமலைச் சாரலிலுள்ள குசாட்சுவில் உறைபனிக் காலத்தில் பயணிகள் குவிவது அந்த ‘யு’வை நாடியே. அங்கே வெந்நீர் உடலுக்கு இதம், ஊருக்கு வருவாய்.

தமிழர் நன்கறிந்த வெந்நீரூற்றுத் தலம் திருகோணமலையை அடுத்த கன்னியா. அதன் வரலாறு வேறு. எரிமலையற்ற இலங்கையில், ஆழத்திற்கு இறங்கிய நீர் நிலத்தடி வெப்பத்தால் சூடேறி ஏழு சிறு கிணறுகளில் ஊறுகிறது. ஒவ்வொன்றிலும் சூடு வேறு. இராவணன் தன் தாய்க்கு இறுதிக்கடன் ஆற்றியபோது தோன்றியவை என்பது ஐதிகம். ஐதிகம் காலச்சான்று ஆகாது. ஆயினும் அதையொட்டி மக்கள் இங்கே அந்தியேட்டிக் கிரியை செய்து நீராடிவந்தது வரலாற்று நடைமுறை. குசாட்சுவில் இன்பத்திற்கான வெந்நீர், இங்கே துக்கம் கழிக்கும் நீர்.

2011 முதல் தொல்லியல் திணைக்களத்தின் கட்டுப்பாட்டில் உள்ள இவ்விடம் இன்று சுற்றுலாத் தலம். பழைய பிள்ளையார் கோவிலின் அடித்தளத்தில் விகாரை எழுப்பும் முயற்சியை எதிர்த்து 2019 ஜூலையில் தமிழர் போராடினர். முதலில் இருந்தது கோவிலா, விகாரையா என்ற வினாவுக்குள்ளேயே விவாதம் சுருங்கிவிட்டது. கட்டட எச்சங்களைக் கொண்டு மட்டும் அதைத் தீர்க்க முனைந்தால், கட்டடம் எதையும் விட்டுச்செல்லாத நீராடல் வழக்கம் கணக்கில் வராமற்போகும். அதற்குச் சான்று மனிதர் நினைவிலும் சொல்லிலுமே உள்ளது. இக்கிணற்றடியில் பெற்றோருக்குக் கடன் கழித்த முதியோரின் வாய்மொழியைப் பதிவுசெய்வதே ஈழ வரலாற்று மாணவர்முன் உள்ள அவசரப் பணி.