ஒன்றரை விநாடி

பைக் நடுரோட்டில் நின்றுபோனால் மெக்கானிக் கேட்கிற முதல் கேள்வி என்ன தெரியுமா? 'ஸ்டார்ட்டே ஆகலையா, ஸ்டார்ட் ஆகி ஆஃப் ஆயிடுச்சா?' ரெண்டும் ஒன்றுதானே என்று நமக்குத் தோன்றும். அவருக்கு அப்படியில்லை. ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால் முதலில் ப்ளக்கைக் கழற்றிப் பார்ப்பார். ஸ்டார்ட் ஆகி அணைந்தது என்றால், தீப்பொறி கிடைத்திருக்கிறது. அதற்கப்புறம் பெட்ரோல்தான் போய்ச் சேரவில்லை. கை நேராக டேங்க், ட்யூப் பக்கம் போகும்.

2010-ல் இதே கேள்வியை இஸ்ரோ விஞ்ஞானிகள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். நின்றுபோன வண்டியின் எடை 400 டன்னுக்கு மேல். ஓரமாகத் தள்ளி நிறுத்திப் பிரித்துப் பார்க்கலாம் என்றால், வண்டி வங்காள விரிகுடாவுக்குள் கிடந்தது!

அந்தக் கதைக்குப் போகும் முன் குலசேகரன்பட்டினத்துக்கு ஒரு நடை போய்வந்துவிடலாம்.

குலசை என்றால் நமக்கு முத்தாரம்மன் கோயில் தசராதான் ஞாபகம் வரும். காளி வேஷம், குரங்கு வேஷம், போலீஸ் வேஷம் என்று ஜனங்கள் வேஷம் கட்டிக்கொண்டு வருவார்கள். வயதானவர்கள் 1942 ஆகஸ்ட் போராட்டத்தையும் அதையொட்டி நடந்த வழக்கையும் சொல்வார்கள். இப்போது அந்தப் பெயரோடு ராக்கெட்டும் சேர்ந்துகொண்டது. 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடி விழாவில், இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார் பிரதமர் நரேந்திர மோடி. ஏன் இந்த ஊர்? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கு நோக்கி ராக்கெட் விட்டால் வழியில் இலங்கை இருக்கிறது. வளைந்து போக வேண்டும், எரிபொருள் தண்டச் செலவு. குலசையிலிருந்து நேர் தெற்கே வெறும் கடல்தான்.

இங்கிருந்து கிளம்புவதற்காகத் திட்டமிடப்பட்டது எஸ்.எஸ்.எல்.வி. என்கிற சின்ன ராக்கெட். அதன் மூன்று பெரிய அடுக்குகளும் திட எரிபொருள். தீபாவளி ராக்கெட் மாதிரி, பற்றிக்கொண்டால் தீரும்வரை எரியும். அந்த அடுக்குகளில் பம்ப் கிடையாது, ட்யூப் கிடையாது. ஆனால், சுமக்கிற எடை 500 கிலோதான். இரண்டு டன் செயற்கைக்கோளை 36,000 கிலோமீட்டர் உயரப் பாதைக்கு அனுப்ப இஸ்ரோ நம்பியது கிரையோஜெனிக் இன்ஜினை. அந்த இன்ஜினோடு மல்லுக்கட்டிய இடமும் நம் தென்கோடியில்தான் இருக்கிறது... திருநெல்வேலி மாவட்டம், மகேந்திரகிரி.

கிரையோஜெனிக் என்றால் கடுங்குளிர் சமாசாரம். திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி. திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி. இரண்டையும் பம்ப் மூலம் ஓர் அறைக்குள் தள்ளிக் கொளுத்தினால் இரும்பையே உருக்கும் நெருப்பு வரும். ஒரு பக்கம் உறைபனி, பக்கத்திலேயே உலை. இந்த வித்தை தெரிந்த நாடுகள் சொற்பம்.

1991-ல் ரஷ்யாவின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டோம். ஏவுகணை செய்ய உதவும் என்று காரணம் காட்டி, 1992-ல் அமெரிக்கா தடை விதித்தது. 1993-ல் ரஷ்யா பின்வாங்கியது. இன்ஜின் அடுக்குகளைச் செய்தே தருகிறோம், தொழில்நுட்பம் தர மாட்டோம் என்றார்கள். அதாவது, இட்லி தருவார்கள், மாவு அரைக்கச் சொல்லித்தர மாட்டார்கள்! சரி, நாமே அரைப்போம் என்று 1994-ல் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டில்தான் கிரையோஜெனிக் திட்டத்தின் பொறுப்பில் இருந்த நம்பி நாராயணன் உளவு வழக்கில் கைதானார். 1996-ல் சி.பி.ஐ. அது பொய் வழக்கு என்றது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்ச ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. போன வருடங்கள் போனதுதான்.

2007 நவம்பர் 15 அன்று மகேந்திரகிரியில் நம் இன்ஜின் 720 விநாடி இடைவிடாமல் எரிந்தது. பறக்கும்போது எவ்வளவு நேரம் எரிய வேண்டுமோ அவ்வளவு நேரம். இனி என்ன கவலை?

2010 ஏப்ரல் 15, மாலை 4.27. ஜி.எஸ்.எல்.வி.-டி3 கிளம்பியது. 293-வது விநாடி வரை எல்லாம் கச்சிதம். அதற்கப்புறம் கிரையோஜெனிக்கின் முறை. ராக்கெட் தள்ளாடியது. ஜிசாட்-4 செயற்கைக்கோளோடு கடலில் விழுந்தது. பதினாறு வருட உழைப்பு, கோவிந்தா!

என்னைப் போல பி.காம். படித்தவர்களுக்கு அடுத்து நடந்தது சட்டென்று புரியும். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் லெட்ஜரைத் தூக்கி எறிவதில்லை. சரியாக இருக்கிற பதிவுகளுக்கு டிக் போட்டுக்கொண்டே வருவோம். எந்த இடத்தில் டிக் நிற்கிறதோ, அங்கேதான் வில்லன்.

இஸ்ரோ கையில் இருந்த லெட்ஜர், ராக்கெட் விழும் முன் அனுப்பிய எண்கள் மட்டுமே. முதல் இரண்டு அடுக்குகள், டிக். பெரிய இன்ஜினும் இரண்டு சின்ன இன்ஜின்களும் பற்றிக்கொண்டனவா? டிக். அதாவது, 'ஸ்டார்ட் ஆகி ஆஃப் ஆயிடுச்சு' கேஸ். 2.2 விநாடி வரை வேகம் முந்தைய ராக்கெட்டுகளைப் போலவே கூடியிருக்கிறது, டிக். அதற்கப்புறம் ஹைட்ரஜன் வரவில்லை.

ஏன் வரவில்லை? டேங்கிலிருந்து ஹைட்ரஜனை இழுத்துப் பெரிய பம்புக்கு ஊட்டிவிடுகிற சின்ன பூஸ்டர் பம்ப் ஒன்று உண்டு. அது ஒழுங்காகத்தான் சுற்ற ஆரம்பித்தது. நிமிடத்துக்கு 34,800 சுற்று வரை போனது. 0.9 விநாடியில் வேகம் குறையத் தொடங்கி, அடுத்த 0.6 விநாடியில் நின்றேவிட்டது. ஆக மொத்தம் ஒன்றரை விநாடி!

பம்ப் ஏன் நின்றது? சந்தேகத்துக்குரிய ஆசாமிகள் இருவர். ஒன்று, கடுங்குளிரில் உலோகம் சுருங்கி, சீல் இருக்கும் இடம் இறுகிப் பிடித்துச் சுழலியை நிறுத்தியிருக்கலாம். இரண்டு, அழுத்தமும் வெப்பநிலை மாற்றமும் தாங்காமல் டர்பைன் உறை உடைந்திருக்கலாம். ஏதோ ஒன்றின் தலையில் பழியைப் போட்டு ஃபைலை மூடியிருக்கலாம். இஸ்ரோ இரண்டையுமே அறிக்கையில் எழுதி வைத்தது. திருடன் எந்தக் கதவு வழியாக வந்தான் என்று தெரியாவிட்டால் இரண்டு கதவையும்தானே பூட்ட வேண்டும்?

பூட்டினார்கள். குளிரில் சுருங்கி விரிவதைத் தாங்கும்படி பம்ப்பைத் திருத்தினார்கள். எது முதலில் பற்ற வேண்டும், எது அப்புறம் என்கிற வரிசையை மாற்றினார்கள். காற்றில்லாத வெளியில் எரிய வேண்டிய இன்ஜினை, 2013-ல் மகேந்திரகிரியில் வெற்றிடம் உண்டாக்கிப் பற்றவைத்துப் பார்த்தார்கள்.

நடுவே வேறு சோதனைகளும் வந்தன. 2010 டிசம்பர் 25-ல் ரஷ்ய இன்ஜின் பொருத்திய ராக்கெட், இணைப்புகள் கழன்று ஒரு நிமிடத்துக்குள் கட்டுப்பாட்டை இழந்தது. 2013 ஆகஸ்ட் 19 அன்று, புறப்பட 74 நிமிடம் இருக்கும்போது, இரண்டாம் அடுக்கில் எரிபொருள் ஒழுகியது. நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது. இருந்தாலும் நிறுத்திவிட்டார்கள்.

2014 ஜனவரி 5, மாலை 4.18. ஜி.எஸ்.எல்.வி.-டி5. திட்ட இயக்குநர், கன்னியாகுமரி மாவட்டத்துக்காரரான கே.சிவன். பம்ப் நிற்கவில்லை. 1,982 கிலோ எடையுள்ள ஜிசாட்-14 போய்ச் சேர வேண்டிய பாதையில் சேர்ந்தது.

சுபம் போடலாமா? கொஞ்சம் பொறுங்கள். 2021 ஆகஸ்ட் 12-ல் மறுபடியும் அதே அடுக்கு காலை வாரியது. அதே பூஸ்டர் பம்ப்தான் முரண்டு பிடித்தது. 'பழைய வியாதிதான்' என்று பம்ப்பை மட்டும் பிரித்து மேய்ந்திருந்தால் ஏமாந்திருப்பார்கள். மறுபடியும் முதல் வரியிலிருந்து டிக் போட்டுக்கொண்டு வந்தபோது, டிக் பம்ப்புக்கு முன்னாலேயே நின்றது. ஒரு வால்வுக்குள் இருந்த மெத்தென்ற சீல் சேதமாகி, ஹைட்ரஜன் டேங்கில் அழுத்தம் குறைந்திருந்தது. அழுத்தம் இல்லாமல் பம்ப் என்ன செய்யும், பாவம்? சரிசெய்த ராக்கெட் 2023 மே 29 அன்று ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

குலசையிலிருந்து ராக்கெட்டுகள் கிளம்பும் காலத்தில் சில விழவும் செய்யும். அன்று டி.வி.யில் 'தோல்வி' என்று பெரிய எழுத்தில் ஓடும். அதோடு சேனலை மாற்றிவிடாதீர்கள். சில வாரங்கள் கழித்து ஒரு விசாரணை அறிக்கை வரும். எத்தனையாவது விநாடி வரை சரியாக ஓடியது என்று அதில் எழுதியிருக்கிறதா, தேடிப் பாருங்கள். எழுதியிருந்தால், ரிப்பேர் வேலை ஆரம்பமாகிவிட்டது என்று அர்த்தம்.