தெரியாமல் ஜாமீன் நின்றவர்கள்

கௌண்டன்யா ஆற்றங்கரையில் உள்ள குடியாத்தம் கைலிக்கும் தீப்பெட்டிக்கும் பீடிக்கும் பேர்போன ஊர். மூன்றிலுமே பெரும்பாலோர் கூலிக்கு உழைப்பவர்கள். நூல் விலை ஏறினாலும் மழை பிடித்துக்கொண்டாலும் கூலி குறையும். அப்போது கைகொடுப்பது தண்டல், அடகுக்கடை, மகளிர் குழுக் கடன். கந்துவட்டிக் கொடுமையைத் தடுக்கத் தமிழ்நாடு 2003இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

அந்தப் பழைய கடனில் ஜாமீன் என்று ஒரு வழக்கம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரரோ மைத்துனரோ வந்து கையெழுத்துப் போடுவார். பணம் திரும்பாவிட்டால் தன் வாசலில் யார் வந்து நிற்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். முடியாது என்று சொல்லவும் செய்யலாம். அப்படிச் சொன்னதால் பேச்சு முறிந்த குடும்பங்களும் உண்டு. என்றாலும் மறுப்பது அவர் கையில் இருந்தது.

செல்பேசியில் வந்த கடன் செயலிகள் பறித்தது அதைத்தான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து தறியும் தீப்பெட்டித் தொழிற்சாலையும் நின்றன. பத்திரம் வேண்டாம், ஜாமீன் வேண்டாம், சில நிமிடங்களில் பணம் என்று நாடெங்கும் செயலிகள் ஆசை காட்டின. நிறுவும்போது தொடர்புப் பட்டியலையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்டன. பணம் அவசரமாகத் தேவைப்பட்டவர்கள் அனுமதியைத் தட்டினார்கள். தவணை தவறியதும் பட்டியலில் இருந்தவர்களுக்கெல்லாம் அழைப்பு போனது: மாமனாருக்கு, மேஸ்திரிக்கு, பிள்ளையின் ஆசிரியருக்கு. படங்களை ஆபாசமாகத் திரித்து அனுப்பினார்கள். அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்கள் பல மாநிலங்களில் உண்டு. 2021 ஜனவரியில் சென்னை மத்தியக் குற்றப்பிரிவு இப்படியொரு வழக்கில் சீனர்கள் இருவரையும் இந்தியர்கள் இருவரையும் பெங்களூருவில் கைதுசெய்தது.

ஒருவரின் நம்பர் இன்னொருவர் போனில் இருந்ததாலேயே அவர் ஜாமீன்தாரர் ஆகிவிட்டார். அவரை யாரும் கேட்கவில்லை.

தொடர்புப் பட்டியலின் கதவு இவ்வளவு காலம் திறந்து கிடந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 2012 பிப்ரவரியில் 'பாத்' என்ற செயலி ஐபோன்காரர்களின் முகவரிப் பட்டியலைச் சொல்லாமலே தன் சர்வருக்கு ஏற்றியது அம்பலமானது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 6இல்தான், தொடர்புகளைத் தொடும் முன் செயலி கேட்டாக வேண்டும் என்ற முறை வந்தது. இந்தியாவில் பெரும்பாலோர் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டில் இன்னும் தாமதம். செயலியை நிறுவும்போது ஒரு நீளப் பட்டியல் தெரியும். முழுவதையும் ஏற்க வேண்டும், இல்லையேல் செயலி கிடையாது. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6தான் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டது, பிறகு செட்டிங்ஸில் போய்த் திரும்பப் பெறவும் வழிவிட்டது. பழைய போன்களுக்கு அந்த வசதி போய்ச் சேரவில்லை. 'இந்த முறை மட்டும்' என்ற தேர்வு 2020இல், ஆண்ட்ராய்டு 11உடன் வந்தது. கடன் செயலிகள் கொழித்த ஆண்டும் அதுதான்.

சட்டம் முன்பே பேசியிருந்தது. நக்கீரன் இதழின் ஆசிரியர் தொடுத்த வழக்கில், தனித்து விடப்படும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1994இல் சொன்னது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாக உறுதிசெய்தார்கள். ஆனால் தீர்ப்பு தறிக்காரரின் போனுக்குள் நுழைய ஒரு விதி தேவைப்பட்டது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதைக் கொடுத்தது: கடன் செயலி தொடர்புகளையும் அழைப்புப் பதிவையும் கோப்புகளையும் தொடக் கூடாது, வாடிக்கையாளரைச் சரிபார்க்கக் கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றை ஒரு முறை கேட்கலாம், அதுவும் சம்மதத்தோடு. தனிநபர் கடன் செயலிகள் தொடர்புகளையும் படங்களையும் எடுக்க 2023 மே 31 முதல் கூகுளும் தடை போட்டது.

இன்று போனின் செட்டிங்ஸில் 'அனுமதிகள்' பகுதியைத் திறந்தால் தொடர்புகளை எந்தெந்தச் செயலி பார்க்கிறது என்பது தெரியும். வேண்டாததை அங்கேயே நிறுத்தலாம். ஆனால் ஏற்கெனவே நகலெடுத்துப் போனதை அது மீட்டுத் தராது. வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பைத் தட்டி நிறுவும் செயலிக்குப் பிளே ஸ்டோரின் தடையும் செல்லாது. ஆகவே பார்க்க வேண்டியது நிறுவும் முன்பே. அனுமதி பெற்ற நிறுவனங்களின் கடன் செயலிப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2025 ஜூலை முதல் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. மிரட்டல் வந்துவிட்டால் புகார் சொல்ல சைபர் குற்ற உதவி எண் 1930 இருக்கிறது. கடன் வாங்கியவர் மட்டுமல்ல, அவருடைய தொடர்புப் பட்டியலில் இருந்ததற்காக மிரட்டப்படும் மைத்துனரும் புகார் கொடுக்கலாம்.