தூங்கவிடாத சாமியார்

சேந்தமங்கலத்திலிருந்து சேலம் வழியாக ஏற்காடு போனவர்கள் மாடர்ன் தியேட்டர்ஸ் முகப்பு வளைவைப் பார்த்திருப்பீர்கள். டி.ஆர்.சுந்தரத்தின் அந்த நிறுவனம் 1950-ல் எடுத்த துப்பறியும் படம் 'திகம்பர சாமியார்'. மூலக்கதை வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல்.

கெட்ட வக்கீல் ஒருவர் ஒரு பெண்ணை ஒளித்துவைக்கிறார். அவளைத் தேடும் சாமியார், பின்னாளில் வில்லனாகவே பேர் வாங்கிய எம்.என்.நம்பியார்! வேடத்துக்கு மேல் வேடம் போட்டுக் கலக்கியிருப்பார்.

ஒரு இடம்தான் உறுத்தியது. வக்கீலைத் தூங்கவே விடாமல் செய்து உண்மையைக் கறக்கிறார் சாமியார். நானும் முதலில் கைதட்டினேன். ஆனால் சம்மதமில்லாமல் நார்கோ சோதனை கூடாது என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யோசித்தால் இரண்டும் ஒரே வழிதானே?

வக்கீல்தான் குற்றவாளி என்று படத்தில் நமக்கு முன்பே தெரியும். நிஜ ஸ்டேஷனில் யாருக்குத் தெரியும்?