லேடாங் மலை

லேடாங் மலை ஜொகூர் மாநிலத்துத் தங்காக் மாவட்டத்தில், மலாக்கா எல்லையை ஒட்டி எழும் 1,276 மீட்டர் உயர கிரானைட் மலை. பழைய ஆங்கில நூல்கள் இதை ஓபிர் என்கின்றன. சாலமோன் மன்னனுக்குப் பொன் வந்ததாக விவிலியம் சொல்லும் இடத்தின் பெயர் அது. அடிவார வட்டாரத்தில் தங்கம் தோண்டியவர்கள் உண்டு என்பதால் பொருந்தியும் போனது. தீபகற்பத்தின் மிக உயர்ந்த மலையான தகான் 2,187 மீட்டர்; அதன் முன் லேடாங் சிறியதுதான். ஆனால் தகான் காட்டு மலைகளுக்குள் மறைந்து கிடக்கிறது, லேடாங்கோ தாழ்நிலத்தில் தனித்து நிற்கிறது. மலாக்கா நீரிணையில் போன கப்பல்களுக்கு இதுவே அடையாளம். மேற்கே மலாக்காவின் புக்கிட் ரம்பாய் இங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அதே மேற்கில் ஜாசின், அசகான் பக்கம் போனால் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் அடிவாரத்தையே தொடுகின்றன.

இம்மலையில் மனிதர் ஏறிய வரலாற்றை 1854இல் வந்த இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸிலிருந்து தொடங்குவது வழக்கம். அது சரியான தொடக்கமல்ல. 1832இல் மதராசில் வந்திறங்கி 1845இல் மலாக்காவில் இறந்த மருத்துவர் வில்லியம் கிரிஃபித் அவருக்கு முன்பே இங்கே செடிகள் சேகரித்துவிட்டார். வாலஸின் எழுத்தே இன்னும் பழைய தடத்தைக் காட்டுகிறது. ஆறு மலாய்க்காரர்கள் சுமை தூக்கி உடன் வந்தார்கள். சரிவான பாறைவெளிக்குப் பாடாங் பத்து என்ற பெயர் முன்பே இருந்தது. அங்கே தண்ணீர் கிடைக்கும் என்றும் சொல்லி வைத்திருந்தார்கள். தேடியும் கிடைக்கவில்லை. தாகம் தாங்காமல் குடுவைச் செடிகளில் தேங்கிய நீரை, செத்த பூச்சிகள் மிதந்தபோதும் குடித்தார்கள். வெதுவெதுப்பாக இருந்தாலும் குடிக்கும்படியாகவே இருந்ததாம். தண்ணீர் பற்றிய தகவல் பிசகியிருக்கலாம், ஆனால் ஆள் போகாத இடத்துக்குப் பெயரும் வராது, அப்படியொரு தகவலும் வராது.

பாறைவெளி தெரிந்தவர்கள் உச்சியையும் மிதித்தார்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மலாய் அரச வரலாற்று நூலான செஜாரா மெலாயு சொல்லும் லேடாங் இளவரசி கதையை அதற்குச் சான்றாக வைக்க முடியாது. கொசு ஈரலைத் தட்டுத் தட்டாகச் சீராகக் கேட்கும் பெண்ணை வரலாற்றில் சேர்ப்பதற்கில்லை. ஆயினும் மலாக்கா சுல்தான் மாமுட் அவளைப் பெண் கேட்டு அனுப்பிய தூதுக்குழு ஏறும் பகுதி வேறு வகை. பாதை கடினமாகிக் காற்று வலுக்கவே பெரும்பாலோர் நின்றுவிட, தூதர்களில் ஒருவரான துன் மாமாட் வேகமாக நடக்கக்கூடிய இரண்டு மூன்று பேரோடு மேலே போகிறார். இளவரசியைக் கற்பனையில் படைக்கலாம். ஆட்கள் எந்த இடத்தில் பின்தங்குவார்கள் என்பது ஏறியவர் வாயிலிருந்து கேட்ட செய்தியாகவே படுகிறது. இது துன் மாமாட் ஏறினார் என்பதை நிறுவாது. கதை சொன்ன சமூகத்துக்கு மேற்சரிவு பழக்கமானது என்பதையே காட்டும். நாளும் பெயரும் இருந்தால்தான் ஏற்றம் என்று கொண்டால், இம்மலையின் வரலாறு தாள் வைத்திருந்தவர்களின் வரலாறாகவே சுருங்கிவிடும்.

இன்று சாகில் பக்கமும் அசகான் பக்கமும் வழிகள் உள்ளன. ஏணியும் கயிறும் கட்டிய செங்குத்துப் பகுதிகளில் ஒன்றை மலையேறிகள் கே.எஃப்.சி. என்கிறார்கள். ஜொகூர் தேசியப் பூங்கா வழியாக ஏறுபவர்கள் முன்பதிவு செய்து வழிகாட்டியுடன்தான் போக வேண்டும்.