குத்துச்சண்டைப் பெருவீரர் யாவர்?

மற்போர் கண்டு மகிழ்வதும், கண்ட பின்னர் வென்றவன் யார் என்று வாதிட்டு மகிழ்வதும் மக்களினத்தின் பழம்பெரும் வழக்கங்கள். ஆமூர் மல்லனோடு சோழன் கோப்பெருநற்கிள்ளி பொருத செய்தியைப் புறநானூறு நமக்குக் கூறுகின்றது. அவன்பால் காதல் கொண்ட நக்கண்ணையார் பாடிய பாட்டொன்றில் ஊரார் இரு பிரிவாக நிற்கின்றனர். வெற்றி அவனுக்கே என்பது ஒரு சாரார் முடிவு. இல்லை என்பது மற்றொரு சாரார் முடிவு. பனைமரத்தைச் சார்ந்து நின்ற புலவரோ அவன் வெற்றியைத் தம் கண்ணாலேயே கண்டதாகப் பாடுகிறார்.

நூற்றாண்டுகள் பல கழிந்தும் அவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. நம் சங்கத்துப் படிப்பறையிலேயே அதனைக் கேட்கலாம். முதியோர் ஜோ லூயி என்பர்; நடுவயதினர் முகம்மது அலி என்பர்; இளைஞர்கள் டைசன் என்றும் மேவெதர் என்றும் முழங்குவர். இவ்வாதத்தில் இரு வினாக்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை நாம் முதலில் உணர வேண்டும். மிகச் சிறந்த வீரர் யார் என்பது ஒன்று. மிகப் பெருங்கூட்டத்தையும் பெரும்பணத்தையும் ஈர்த்தவர் யார் என்பது மற்றொன்று. கூட்டம் திரண்டதால் ஒருவர் சிறந்தவராகி விடார். சிறந்தவர் என்பதற்காகவே கூட்டம் திரண்டு விடுவதும் இல்லை. இவ்வேறுபாட்டை வரலாறு எங்ஙனம் காட்டுகின்றது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

வெறுங்கையால் அடித்துக்கொள்ளும் முரட்டுச் சண்டையாக இருந்ததற்கு ஓர் ஒழுங்கைத் தந்தவை 1867-ஆம் ஆண்டில் வெளிவந்த குவீன்ஸ்பெரி விதிகளாகும். கையுறை, மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு, வீழ்ந்தவர் எழப் பத்து விநாடி ஆகியவை அவற்றால் நிலைபெற்றன. வெறுங்கைச் சண்டையின் இறுதிப் பெருவீரரான ஜான் எல். சல்லிவன் 1889-இல் ஜேக் கில்ரெயினோடு 75 சுற்றுகள் பொருது வென்றார். 1892-இல் கையுறை அணிந்து ஜேம்ஸ் கார்பெட்டிடம் தோற்றார். அன்று முதல் இக்காலக் குத்துச்சண்டையின் வரலாறு தொடங்குகிறது எனலாம்.

தோல்வியைக் காண வந்த கூட்டம்

ஹெவிவெயிட் எனப்படும் பெரு எடைப் பிரிவில் உலகப் பட்டம் பெற்ற முதல் கறுப்பர் ஜாக் ஜான்சன். 1908-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் டாமி பர்ன்ஸை வென்று அப்பட்டத்தைக் கொண்டார். வெள்ளையர் பலருக்கு இது பொறுக்கவில்லை. ஓய்வு பெற்றுப் பண்ணையில் வாழ்ந்திருந்த பழைய வீரர் ஜேம்ஸ் ஜெஃப்ரீஸை வற்புறுத்தி மேடைக்கு அழைத்து வந்தனர். 1910 ஜூலை 4 அன்று நெவாடாவின் ரீனோ நகரில் கூடிய கூட்டம் ஜான்சனின் திறமையைக் காணக் கூடியதன்று. அவர் வீழ்வதைக் காணக் கூடியது. பதினைந்தாம் சுற்றில் வீழ்ந்தவர் ஜெஃப்ரீஸே. அன்றிரவு அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கலகம் மூண்டு உயிர்கள் மாண்டன. 1912-இல் குத்துச்சண்டைப் படச்சுருள்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு செல்வதையே சட்டம் இயற்றித் தடுத்தார்கள். ஒரு வீரரின் கைவன்மைக்கு அஞ்சிச் சட்டம் செய்த நாட்டை வேறெங்குக் காண்போம்!

ஜான்சன் 1915-இல் ஹவானாவில் ஜெஸ் வில்லர்டிடம் பட்டம் இழந்தார். அதன்பின் 1937 வரை, இருபத்திரண்டு ஆண்டுகள், ஹெவிவெயிட் பட்டத்துக்குப் போட்டியிடும் வாய்ப்பு ஒரு கறுப்பருக்கும் தரப்படவில்லை. இதனை வாசகர்கள் நினைவில் இருத்துதல் வேண்டும். பின்னர் வரும் கணக்குகள் அனைத்தும் இதனால் கறைபட்டவை.

பத்து லட்சம் டாலர் வாயில்

அவ்விடைக்காலத்தின் தனிப்பெரும் வீரர் ஜாக் டெம்ப்ஸி. 1919-இல் வில்லர்டை அடித்து நொறுக்கிப் பட்டம் பெற்றவர். அவரை வைத்துப் பொருள் குவித்தவர் டெக்ஸ் ரிக்கார்டு என்னும் பந்தய ஏற்பாட்டாளர். சண்டை என்பது கதையாக இருந்தால்தான் சீட்டு விற்கும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். முதல் உலகப் போரில் படையில் சேராதவர் என்ற பழி டெம்ப்ஸியின்மீது இருந்தது. அதே போரில் வீரப்பதக்கம் பெற்ற பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் கார்ப்பாந்தியே. இவ்விருவரையும் 1921 ஜூலை 2 அன்று ஜெர்ஸி நகரில் ரிக்கார்டு எதிரெதிர் நிறுத்தினார். எண்பதாயிரம் பேர் திரண்டனர். வசூல் 17 லட்சத்து 89 ஆயிரம் டாலர். குத்துச்சண்டை பத்து லட்சத்தைக் கடந்தது அதுவே முதன்முறை. நான்காம் சுற்றில் கார்ப்பாந்தியே வீழ்ந்தார்.

1926-இல் பிலடெல்பியாவில் டெம்ப்ஸி பட்டத்தை ஜீன் டன்னியிடம் இழந்தபோது ஏறத்தாழ 1,20,000 பேர் மழையில் நனைந்தபடி கண்டனர். மறு ஆண்டு செப்டம்பர் 22 அன்று சிகாகோவில் இருவரும் மீண்டும் பொருதனர். ஏழாம் சுற்றில் டன்னி தரையில் வீழ்ந்தார். ஆனால் டெம்ப்ஸி விதிப்படி எதிர் மூலைக்கு ஒதுங்காது அருகிலேயே நின்றதால் நடுவர் எண்ணத் தொடங்கத் தாமதித்தார். அந்த இடைவெளியில் தெளிந்தெழுந்த டன்னி இறுதியில் புள்ளிகளால் வென்றார். ‘நீண்ட எண்ணிக்கை’ என்று பெயர் பெற்ற அவ்வழக்கு இன்றும் முடியவில்லை. அந்த ஒரு மாலையின் வசூல் 26 லட்சத்து 58 ஆயிரம் டாலர். தொலைக்காட்சி இல்லாக் காலத்தில், மக்கள் இரயிலேறி வந்து சீட்டு வாங்கிய காலத்தில், இத்தொகை திரண்டது என்பதை எண்ணுங்கால், பெருங்கூட்டம் ஈர்த்தவர் என்னும் பட்டத்தை டெம்ப்ஸிக்கே தரலாம் என்று தோன்றுகிறது.

எனினும் ஒரு குறை. ஹாரி வில்ஸ் என்னும் வன்மைமிக்க கறுப்பர் ஆண்டுக்கணக்கில் அறைகூவியும் டெம்ப்ஸியோடு பொருதும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. அவருக்கு முன்னர், சாம் லாங்போர்டு என்னும் மாவீரரும் உலக ஹெவிவெயிட் பட்டத்துக்குப் போட்டியிடாமலே காலம் கழித்தார். 1944-இல் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் கண்ணொளி இழந்து வறுமையில் வாடிய அவரை ஒரு செய்தியாளர் தேடிக் கண்டெழுதிய பின்னரே நாடு அவரை நினைத்தது. பெருவீரர் பட்டியல் எழுதுவோர் இவ்விருவருக்கும் இடம் விடாமல் எழுதினால் அப்பட்டியல் நிறைவுடையதாகாது.

பொறுமையின் வீரம்

1937-இல் ஜோ லூயி பட்டம் பெற்றார். 1949-இல் ஓய்வு கொள்ளும் வரை பன்னிரண்டாண்டு அளவும் அதனை இழக்கவில்லை. இருபத்தைந்து முறை காத்து நின்றார். எனினும் அவர் பெருமை ஓர் இரவைப் பற்றியது. 1936-இல் தம்மை வீழ்த்திய ஜெர்மானியர் மாக்ஸ் ஷ்மெலிங்கை 1938 ஜூன் 22 அன்று யாங்கி ஸ்டேடியத்தில் மீண்டும் சந்தித்தார். எழுபதாயிரம் பேர் நேரில் கூடினர். வானொலியருகே அமர்ந்தோர் கோடிக்கணக்கினர். ஹிட்லரின் இனவெறிக்கு விடையாகவே அப்போட்டியை உலகம் கருதியது. 124 விநாடிகளில் அது முடிந்தது. முந்தைய நாள் வரை லூயியைத் தன்னவர் என்று எண்ணாத அமெரிக்கா அன்று முதல் எண்ணியது.

1942-இல் இரு போட்டிகளின் வருவாயைக் கடற்படை, தரைப்படை நல நிதிகளுக்கு வழங்கியவர் அவர். அத்தகையவரையே பின்னர் வருமான வரி நிலுவை வாட்டியது. தளர்ந்த உடலோடு மீண்டும் மேடையேறி 1951-இல் இளைஞர் ராக்கி மார்சியானோவிடம் எட்டாம் சுற்றில் வீழ்ந்தார்.

எடையை நீக்கிக் கலையை மட்டும் நோக்கினால் சுகர் ரே ராபின்சனே தலையாயவர் என்பது வல்லுநர் பலர் துணிபு. எடைக்கு எடை ஒப்பிட்டுச் சிறந்தவரைத் தேடும் வழக்கு அவர் பெயரோடு ஒட்டியே பரவியது. 1943-இல் ஜேக் லமோட்டாவிடம் தோற்ற பின்னர் 1951-இல் ரேண்டி டர்ப்பினிடம் தோற்கும் வரை 91 போட்டிகளில் அவருக்குத் தோல்வி இல்லை. மிடில்வெயிட் பட்டத்தை ஐந்து முறை வென்றார். ஆயினும் டெம்ப்ஸியின் வசூலை அவர் கண்டதில்லை. பெரிய உடல்கள் மோதுவதையே பெருங்கூட்டம் விரும்புகிறது. நுட்பத்தை நயப்போர் என்றும் சிலரே.

பொறி கூறிய தீர்ப்பு

காலத்தால் பிரிந்த வீரர்களை மோதவிட்டுப் பார்க்கும் ஆசை ஒரு வேடிக்கையையும் விளைத்தது. 49 போட்டிகளில் தோல்வியே காணாது 1956-இல் ஓய்வு பெற்ற மார்சியானோவும், அப்போது மேடை ஏறத் தடைப்பட்டிருந்த அலியும் 1969-இல் படப்பிடிப்புக்காகப் பொய்ச்சண்டை இட்டனர். முடிவைக் கணிப்பொறி கூறும் என்றார்கள். நாற்பத்தைந்து வயது மார்சியானோ உடல் இளைத்து, பொய்முடி சூடி நடித்தார். படம் வெளிவருமுன்னரே அவ்வாண்டு ஆகஸ்டு 31 அன்று விமான விபத்தில் மாண்டார். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் காட்டிய படத்தில் பதின்மூன்றாம் சுற்றில் மார்சியானோ வென்றார். வாதம் அடங்கிற்றா? முன்னினும் பெருகிற்று!

அலியின் வரலாறு வாசகர் அறிந்ததே. 1964-இல் சன்னி லிஸ்டனை வென்று பட்டம் கொண்டார். 1967-இல் வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்தமையால் பட்டமும் உரிமமும் இழந்து மூன்றரை ஆண்டு வாளாவிருந்தார். கைகள் விரைந்தியங்கும் இளமையின் நடுப்பகுதி அவ்வாறு கழிந்தது. 1971 மார்ச்சு 8 அன்று நியூயார்க்கில் ஜோ பிரேசியரோடு பொருதபோது ஒவ்வொருவருக்கும் 25 லட்சம் டாலர் தரப்பட்டது. டன்னி–டெம்ப்ஸி போட்டியின் முழு வசூலுக்கு அது ஏறக்குறைய ஈடு. அன்று தோற்ற அலி, 1974-இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் போர்மனையும், 1975-இல் மணிலாவில் பிரேசியரையும் வென்று தம் புகழை மீட்டார். 1980-இல் நம் நாட்டுக்கும் வந்தார். தில்லியில் இந்திய வீரர் கவுர் சிங்கோடு நான்கு சுற்றுக் காட்சிப் போட்டி ஆடினார், சென்னையிலும் மேடையேறினார். சார்பட்டா என்றும் இடியப்பர் என்றும் பரம்பரை பிரித்துக் குத்துச்சண்டை பயின்ற வடசென்னைக்கு அவர் அயலார் அல்லர்.

பின்வந்த காலம் தொலைக்காட்சிக் காலம். 1993-இல் மெக்சிகோ நகரில் ஜூலியோ சேசர் சாவேஸைக் காண 1,32,000 பேர் சீட்டு வாங்கி வந்தனர். 2015 மே 2 அன்று லாஸ் வேகாஸில் மேவெதரும் பாக்கியாவோவும் பொருத போட்டியை 46 லட்சம் சந்தாக்காரர் இல்லத்திலிருந்தே பணம் செலுத்திக் கண்டனர். அரங்க வசூல் மட்டும் 7 கோடி டாலருக்கு மேல். ஆயினும் கண்டோர் பலர் சுவையில்லை என்றே சலித்துக்கொண்டனர். பணத்தின் அளவுக்கும் ஆட்டத்தின் உயர்வுக்கும் தொடர்பில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எமது துணிபு

இத்துணையும் நோக்கியபின் யாம் கொள்ளும் முடிவு இது. கலையில் ராபின்சன் முதல்வர். கூட்டம் ஈர்த்தலில், தம் காலத்து அளவைக்கொண்டு நோக்க, டெம்ப்ஸி முதல்வர். ஒரு மக்களினத்தின் மானத்தைத் தோளில் சுமந்தவர் என்னும் பெருமை ஜான்சன், லூயி, அலி மூவருக்கும் உரியது. மறுப்போர் மறுக்கலாம், சங்கத்துப் படிப்பறை திறந்தே இருக்கிறது.

ஆனால் வசூல் கணக்கு உண்மையில் வீரர்களை அளப்பதன்று, நம்மையே அளப்பது என்பதை மறத்தலாகாது. யாரைக் காண விரும்பினோம், யாரைக் காண மறுத்தோம், யார் வீழக் காசு கொடுத்தோம் என்பதையே அது காட்டுகின்றது. 1947-இல் ராபின்சனிடம் அடிபட்ட ஜிம்மி டாயிலும், 1962-இல் எமில் கிரிபித்திடம் அடிபட்ட பென்னி பாரெட்டும் உயிர் துறந்தனர். சொல்லால் உலகை மயக்கிய அலி, 1984-இல் கண்டறியப்பட்ட பார்க்கின்சன் நோயோடு முப்பதாண்டுக்கு மேல் போராடி 2016-இல் மறைந்தார். கைதட்டியவர்கள் வீடு திரும்பினர். அடி வாங்கியவர்கள் அதனை உடலில் சுமந்து திரும்பினர்.

பனைமரத்தடியில் நின்ற நக்கண்ணையார் மல்லனின் வெற்றியை மட்டும் காணவில்லை. அம்மல்லனாகிய மனிதனையும் கண்டார். யார் பெரியர் என்று வாதிடும் நாமும் அங்ஙனம் காணக் கற்போமாயின், நம் வாதம் வீண்வாதம் ஆகாது.