கடைசிக் கம்பத்து மின்சாரம்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் கிணற்றுநீரை நம்பி நெல்லும் கரும்பும் மணிலாவும் பயிரிடுவோர் பலர். கவலை இறைத்த கிணறுகளுக்கு மின்சாரம் வந்தது பெரும் பேறே. ஆயினும், வந்த மின்சாரம் போதிய அழுத்தத்துடன் வருகிறதா என்னும் வினா அதன் பின்னரே எழுந்தது.

பைகாரா நீர்மின் நிலையம் 1932இலும், மேட்டூர் 1937இலும் இயங்கத் தொடங்கின. 1957இல் மாநில மின்சார வாரியம் அமைந்தது. 1962இல் அண்மையிலுள்ள நெய்வேலியிலேயே அனல்மின் உற்பத்தி தொடங்கிற்று. எனினும் உற்பத்தி நிலையம் அருகிலிருப்பதால் மட்டும் அழுத்தம் நிறைந்துவிடாது. டிரான்ஸ்பார்மரிலிருந்து கம்பி நீள நீள, அதில் மோட்டார்கள் பெருகப் பெருக, கடைசிக் கம்பத்தில் அழுத்தம் தாழும். அழுத்தம் 100க்கு 80 ஆனால், மோட்டாரின் சுழல்விசை ஏறத்தாழ 64 ஆகிவிடும். சுமையை இழுக்க அது மிகுதியான மின்னோட்டத்தை ஏற்கும். சூடேறிக் காயில் கருகும். காயில் கட்டி முடிப்பதற்குள் பயிர் வாடும்.

ஆதலால்தான் 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 54ஆம் விதி அழுத்தத்திற்கு வரம்பு கட்டியது. 1999இல் அமைந்த தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம், 2004இல் வழங்கல் பணிக்குரிய தரங்களை வகுத்தது. தாழ்வழுத்த இணைப்பில் ஏற்ற இறக்கம் 100க்கு 6ஐ மீறலாகாது. 230 வோல்ட்டுக்கு இது ஏறத்தாழ 216 முதல் 244 வரையாகும்.

புது டிரான்ஸ்பார்மர், தடித்த கம்பி, மோட்டாருடன் இணைக்கும் கெப்பாசிட்டர் ஆகியவை குறை தீர்க்கும் வழிகள். எங்கே எது வேண்டும் என்பதை அளந்தே அறியலாம். மாணவர்களே, அவ்வளவைக் கடைசிக் கம்பத்தில் எடுத்தால்தான் கடைசி உழவனுக்கும் விதியின் பயன் கிட்டும்.