ஊரகக் கழிப்பறைக்கான நிதி: புளியறை எல்லையிலிருந்து ஒரு பார்வை

புளியறை, தென்காசி மாவட்டத்தில் செங்கோட்டைக்கு மேற்கே, கேரள எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஊராட்சி ஆகும். செங்கோட்டை வட்டாரம் முன்பு திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் சுமார் 95 விழுக்காட்டு வீடுகளில் கழிப்பறை இருந்தது. தமிழ்நாட்டில் இது 48 விழுக்காடு. தமிழக ஊரகப் பகுதிகளில் 23 விழுக்காடு மட்டுமே. இந்த வேறுபாட்டைப் பணத்தின் அளவை மட்டும் கொண்டு விளக்க முடியாது.

தொடக்க கால நிதி

கொக்கிப்புழு நோய், மலம் கலந்த மண்ணில் வெறுங்காலுடன் நடப்போரிடம் பரவுவது. தோட்டத் தொழிலாளரிடம் இது மிகுதியாக இருந்தது. அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை 1920-களில் சென்னை மாகாணத்தில் இந்நோய்த் தடுப்புக்கு உதவியது. அப்பத்தாண்டின் இறுதியில் திருவிதாங்கூரிலும் பணியைத் தொடங்கியது. வல்லுநரையும் தொடக்கச் செலவில் ஒரு பங்கையும் அறக்கட்டளை தரும்; பின்னர் முழுச் செலவையும் அரசே ஏற்க வேண்டும் என்பது அதன் முறை. கேரளத்தின் பிற்கால வளர்ச்சிக்குப் பெண்கல்வியும், தனித்தனித் தோட்டங்களில் வீடுகள் அமைந்த குடியிருப்பு முறையும் துணைநின்றன.

விடுதலைக்குப் பின்

ஐக்கிய நாடுகள் அவை 1981–1990 காலத்தைக் குடிநீர், சுகாதாரப் பத்தாண்டாக அறிவித்தது. இந்தியாவில் மத்திய ஊரக சுகாதாரத் திட்டம் 1986-இல் வந்தது. மானியத்தில் கட்டிய கழிப்பறைகள் பல, விறகும் தட்டுமுட்டுச் சாமான்களும் வைக்கும் அறைகளாயின. எனவே 1999-இல் தொடங்கிய முழு சுகாதார இயக்கம், மானியத்தைக் குறைத்து விழிப்புணர்வுக்கு முதன்மை அளித்தது. 2014-இல் வந்த தூய்மை இந்தியா இயக்கம் ஊரகத் தனிநபர் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் வழங்கியது.

மகளிர் சுகாதார வளாகங்கள்

தமிழ்நாடு அரசு 2001–04 காலத்தில் ஊராட்சிதோறும் ஒருங்கிணைந்த மகளிர் சுகாதார வளாகம் கட்டும் திட்டத்தைச் செயல்படுத்தியது. குளியலறை, துணி துவைக்கும் இடம், கழிப்பறை ஆகியவை ஒரே வளாகத்தில் அமைந்தன. இருட்டும்வரை காத்திருந்து வெளியே செல்ல வேண்டிய பெண்களுக்கு இது பெரும் ஆறுதல். ஆனால் மோட்டார் பழுது, தண்ணீர்த் தட்டுப்பாடு, துப்புரவுக்கு ஆள் இல்லாமை ஆகியவற்றால் பல வளாகங்கள் பூட்டப்பட்டன. பின்னர் அவற்றைச் சீரமைக்க அரசு மீண்டும் செலவிட நேர்ந்தது.

திருச்சிராப்பள்ளியில் வேறு முறை கையாளப்பட்டது. 1987-இல் தொடங்கிய கிராமாலயா என்னும் தொண்டு நிறுவனத்தின் வழிகாட்டலில், மகளிர் குழுக்கள் குடிசைப் பகுதிப் பொதுக் கழிப்பறைகளை ஏற்று நடத்தின. சிறு கட்டணம் வசூலித்து, அதிலிருந்தே துப்புரவுக்கும் பழுதுபார்ப்புக்கும் செலவிட்டன.

இன்றைய நிலை

2019 அக்டோபர் 2 அன்று ஊரக இந்தியா திறந்தவெளி மலம் கழித்தல் அற்றதாக அறிவிக்கப்பட்டது. எனினும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் 19 விழுக்காட்டுக் குடும்பங்கள் எந்தக் கழிப்பறையையும் பயன்படுத்தவில்லை எனத் தெரியவந்தது. கட்டுமானத்திற்கு ஒருமுறை நிதி ஒதுக்குவதோடு, தண்ணீர், பராமரிப்பு, துப்புரவுப் பணியாளர் ஊதியம் ஆகியவற்றுக்கு ஊராட்சிகளுக்கு ஆண்டுதோறும் நிதி கிடைப்பதும் இன்றியமையாதது என்பதையே இவ்வரலாறு காட்டுகிறது.